ஒன்று முதல் ஒன்பது வரை: எண்ணறிவும் சாதியும் சட்டமும்

தலித் குடியிருப்புகளில் மாலை நேர வகுப்பு நடத்தும் கல்லூரி மாணவர்கள் பலரும் ஒரே ஐயத்தை எழுப்புகின்றனர். "இரண்டாம் வகுப்புப் படிக்கும் குழந்தை நூறு வரை தடையின்றி ஒப்பிக்கிறது. கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதவும் செய்கிறது. ஆனால், ஏழு கற்களை எடுத்துத் தா என்றால் கைக்கு வந்ததை அள்ளித் தருகிறது. இது ஏன்?"

அக்குழந்தைக்கு அறிவு குறைவு என்பது இதற்கு விடையன்று. எண்ணின் பெயரைச் சொல்லுதல், பொருள்களை எண்ணுதல், எண்ணை எழுதுதல் ஆகிய மூன்றும் வெவ்வேறு திறன்கள். முதலாவதையும் மூன்றாவதையும் அக்குழந்தைக்குப் பழக்கிவிட்டு, இரண்டாவதைக் கற்பிக்காமல் விட்டிருக்கிறார்கள். ஒற்றை இலக்க எண்ணை ஒரு குழந்தைக்குக் கற்பிப்பது எப்படி என்பது, ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களின் அக்கறைக்கு மட்டும் உரிய சிறு செய்தி எனப் பலரும் கருதுகின்றனர். கல்வியுரிமைக்காகப் போராடுகிறவர்கள் அப்படிக் கருத முடியாது. குழந்தை பள்ளியில் சேர்க்கப்பட்டதா என்ற கேள்வியோடு, சேர்க்கப்பட்ட குழந்தைக்கு 'ஐந்து' என்பதன் பொருள் விளங்கியதா என்ற கேள்வியையும் நாம் கேட்டாக வேண்டும்.

எண்ணியவர்கள் யார், எழுதியவர்கள் யார்?

உழைக்கும் சாதிகளுக்கு எண்ணத் தெரியாது என்பது வரலாற்றுப் பொய். களத்துமேட்டில் மரக்கால் மரக்காலாக நெல்லை அளந்தவர்களும், கட்டுகளை எண்ணித் தூக்கியவர்களும், ஆடுமாடுகளைக் கணக்கோடு பட்டியில் அடைத்தவர்களும் நம் முன்னோர்களே. நெல்லை அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று தொடங்கும் வழக்கம் உண்டு. அந்த லாபம் யாருடையது என்பது அளந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அவர்களுக்கு மறுக்கப்பட்டது எழுத்து. திண்ணைப் பள்ளிகளில் மணலில் எண்ணெழுதி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என மனனம் செய்த பிள்ளைகளிடையே சேரிப் பிள்ளைகளுக்கு இடமில்லை. ஊரின் கணக்கை எழுதும் அதிகாரம் கர்ணத்திடம் இருந்தது. அப்பதவி பரம்பரை உரிமையாகவே தொடர்ந்தது. தமிழ்நாட்டில் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980இல்தான் ஒழிக்கப்பட்டன. உழைத்தவர் ஒருவர், அந்த உழைப்பின் கணக்கை எழுதியவர் வேறொருவர் என்ற இந்தப் பிரிவினையின் மீதுதான் கடனும் கொத்தடிமைத்தனமும் நிலைகொண்டன.

1848இல் புனேயில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கிய சாவித்திரிபாய் பூலேயும் ஜோதிராவ் பூலேயும், அதன்பின் ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளுக்கான பள்ளிகளையும் நடத்தினர். சென்னை மாகாணத்தில் பஞ்சமர் கல்வி குறித்த அரசாணை 1893இல் வெளியானது. அதற்கு அடுத்த ஆண்டு ஆல்காட்டின் இலவசப் பள்ளி சென்னையில் தொடங்கப்பட்டது. அதாவது, இம்மண்ணின் பெரும்பகுதி மக்களுக்கு எழுத்தும் எண்ணும் பொது உரிமையாகிச் சில தலைமுறைகளே ஆகின்றன. இன்று மாலை நேர வகுப்பில் ஒரு குழந்தை 5 என்று எழுதுவதை இந்தப் பின்னணியோடு பார்க்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. கணக்குத் தெரியாததால்தான் நம் மக்கள் கொத்தடிமைகளாயினர் எனக் கூறுவது, குற்றத்தைப் பாதிக்கப்பட்டவர் மீது சுமத்துவதாகும். நிலமின்மையும் சாதியுமே காரணங்கள். எழுத்தும் எண்ணும் மறுக்கப்பட்டது அந்தச் சுரண்டல் கேள்வியின்றித் தொடர உதவியது.

ஒப்பித்தல் வேறு, எண்ணுதல் வேறு

எண்ணுதல் என்னும் செயலுக்குள் என்ன நடக்கிறது என்பதை ராச்செல் கெல்மன், சி.ஆர். காலிஸ்டல் ஆகிய இரு உளவியலாளர்கள் 1978இல் வெளியான தங்கள் நூலில் ஐந்து நெறிகளாக வகுத்துக் காட்டினர். அவற்றைப் புளியங்கொட்டைகளைக் கொண்டே புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, ஒரு கொட்டைக்கு ஒரு பெயர் மட்டுமே. ஒன்றைத் தொடாமல் விடுவதும், ஒன்றை இருமுறை தொடுவதும் பிழை. இரண்டாவது, எண்களின் வரிசை மாறக் கூடாது. மூன்றாவது, கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத்தின் அளவு. நான்காவது, எதையும் எண்ணலாம். கொட்டையை எண்ணிய அதே முறையில் கைதட்டலையும் காக்கையின் குரலையும் எண்ண முடியும். ஐந்தாவது, எந்தப் பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கினாலும் மொத்தம் மாறாது.

இவற்றுள் மூன்றாவதே கடினமானது. ஒரு குழந்தை ஐந்து கொட்டைகளைத் தொட்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று பிழையின்றிச் சொல்லும். உடனே "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால், "அஞ்சு" என்று சொல்லாமல் மீண்டும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். 'அஞ்சு' என்பதை அது கடைசிக் கொட்டையின் பெயராகக் கருதுகிறது; எல்லாக் கொட்டைகளும் சேர்ந்த அளவே 'அஞ்சு' என்பது இன்னும் அதற்குப் பிடிபடவில்லை. இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. குவியலிலிருந்து "மூணு குடு", "அஞ்சு குடு" என்று கேட்டுப் பாருங்கள். எண்ணிக்கை விளங்கிய குழந்தை எண்ணி எடுத்துத் தரும். விளங்காத குழந்தை அள்ளித் தரும். குழந்தைகள் முதலில் ஒன்றின் பொருளையும், சில மாதங்கள் கழித்து இரண்டின் பொருளையும், பின்னர் மூன்றின் பொருளையும் தனித்தனியே உணர்கின்றனர். அதன்பின் எல்லா எண்களுக்கும் பொதுவான விதி அவர்களுக்குப் பிடிபடுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது நான்கு வயதை ஒட்டி நிகழ்கிறது என்றாலும், பயிற்சியும் வாய்ப்பும் இல்லாத இடத்தில் தள்ளிப்போகும்.

ஆகவே, வகுப்பில் பின்பற்ற வேண்டிய வரிசை இதுதான்: முதலில் பொருள், அடுத்து சொல், கடைசியில் எழுத்துரு. மூன்று கற்களைக் கையில் வாங்கி உணராத குழந்தையிடம் 3 என்னும் உருவைக் காட்டினால், அது அக்குழந்தைக்கு ஒரு கோலம் மட்டுமே. ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை உறுதிப்படும்வரை நான்கிற்குப் போக வேண்டாம். கற்களை நெருக்கி வைத்தும் பரப்பி வைத்தும் "இப்போது கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா?" என்று கேளுங்கள். இடம் மாறினாலும் எண்ணிக்கை மாறாது என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ள வேண்டும்.

இதற்கு விலை கொடுத்து வாங்கும் கருவிகள் தேவையில்லை. பல்லாங்குழியில் குழிக்கொரு காயாகப் போட்டுச் செல்வது, 'ஒரு பொருளுக்கு ஒரு பெயர்' என்னும் நெறிக்கான நேரடிப் பயிற்சி. ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்ததும் 'பசு' என்று எடுக்கும் குழந்தை, எண்ணாமல் பார்த்த மாத்திரத்தில் நான்கை அறிகிறது. காலிக் குழி, சுழியத்திற்கான பாடம். தாயக்கட்டையில் விழுந்த எண்ணுக்கேற்பக் காயை நகர்த்துவதும், ஐந்தாங்கல்லில் ஒன்றாகவும் இரண்டாகவும் அள்ளுவதும் அப்படியே. நம் குடியிருப்புக் குழந்தைகள் வெறுங்கையோடு வகுப்புக்கு வருவதில்லை. கடைக்குச் சென்று மீதிக் காசு வாங்கி வரும் குழந்தையைப் பார்த்து 'கணக்கு வராது' என்று முத்திரை குத்துவது, அக்குழந்தையைக் கவனிக்க மறுக்கும் செயல்.

எண்ணை எழுதும் கை

ஐந்து வயதுக் குழந்தையின் விரல் தசைகள் பென்சிலைப் பிடிக்க இன்னும் முழுமையாகப் பக்குவப்படுவதில்லை. எனவே, எழுதும் பயிற்சி தாளில் தொடங்க வேண்டியதில்லை. தரையில் சாக்கட்டியால் பெரிதாக வரையப்பட்ட எண்ணின் மீது குழந்தை நடந்து செல்லலாம். காற்றில் கையை வீசி எழுதலாம். பிறகு மணலில் விரலால், அதன்பின் பலகையில், இறுதியாகத் தாளில் என்று செல்வதே முறை.

1, 2, 3 என்ற வரிசையில்தான் எழுதக் கற்றுத் தர வேண்டும் என்பதும் இல்லை. எண்ணும் வரிசை வேறு, எழுதும் வரிசை வேறு. 1, 4, 7 ஆகியன நேர்க்கோடுகளால் ஆனவை. இவை கைக்கு எளியவை. 2, 3, 5 ஆகியவற்றில் வளைவுகள் உண்டு. 6, 8, 9, 0 ஆகியன சுழிகளால் ஆனவை. எழுத்துருவை இப்படிக் குழுக்களாகக் கற்பித்தால் குழந்தையின் கை தடுமாறாது. ஒவ்வோர் எண்ணுக்கும் தொடங்கும் இடத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஏழு என்றால், 'மேலே இடமிருந்து வலமாக ஒரு கோடு, அங்கிருந்து சாய்ந்து கீழே இறங்கு' என்று வாயால் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். சொல்லும் கையும் ஒன்றாக இயங்கும்போது உரு மனத்தில் பதிகிறது.

3, 7, 9 போன்றவற்றைக் குழந்தைகள் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுவர். ஏறத்தாழ ஏழு வயதுவரை இது இயல்பே. உலகிலுள்ள மற்ற பொருள்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே பொருள்தான். குவளையை இடப்புறம் திருப்பினாலும் அது குவளையே. எழுத்துக்கு மட்டும் திசை உண்டு என்பது குழந்தை புதிதாகக் கற்க வேண்டிய செய்தி. அதற்காக அடிப்பதும், 'மக்கு' என்று ஏசுவதும் கொடுமை. இடக்கையால் எழுதும் குழந்தையை வலக்கைக்கு மாற்றுவதும் தேவையற்றது. தீட்டுக் கருத்தின் எச்சமே இடக்கையை இழிவாகப் பார்க்க வைக்கிறது.

பள்ளிகளில் பரவலாகக் காணப்படும் 'ஒன்று முதல் நூறு வரை பத்து முறை எழுதி வா' என்னும் வீட்டுப்பாடம், எண்ணறிவை வளர்ப்பதில்லை. ஒரு குழந்தை அதை எப்படி எழுதுகிறது எனக் கவனித்துப் பாருங்கள். முதலில் மேலிருந்து கீழாக 1, 1, 1 என்று ஒரு பத்தியை நிரப்பும். அடுத்து அதன் பக்கத்தில் 1, 2, 3 என்று இன்னொரு பத்தியை நிரப்பும். பதினொன்றும் பன்னிரண்டும் தாளில் வந்துவிடும். குழந்தையின் மனத்துக்குள் வந்திருக்காது. ஐந்து கற்களைப் பார்த்து ஒரே ஒரு முறை 5 என்று எழுதுவது, இப்படி ஐந்நூறு முறை எழுதுவதைவிட மேலானது.

'அஞ்சு' என்பதும் ஐந்துதான்

வீட்டில் 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று பேசும் குழந்தையை 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று சொல்லும்வரை நிறுத்தி வைக்கும் வகுப்பறைகள் உண்டு. அங்கே கணக்குப் பாடம் உச்சரிப்புப் பாடமாக மாறிவிடுகிறது. தன் தாயின் மொழி தவறானது என்ற செய்தியைத்தான் குழந்தை முதலில் கற்கிறது. எண்ணிக்கை சரியாக இருந்தால் 'அஞ்சு' என்னும் விடை சரியான விடையே. எழுத்து வழக்கு பின்னர் தானாக வந்து சேரும்.

அருந்ததியர் குடும்பங்கள் பலவற்றில் வீட்டு மொழி தெலுங்கு. அங்கே குழந்தை 'ஒகட்டி, ரெண்டு, மூடு' என்று கேட்டு வளர்கிறது. நரிக்குறவர் குழந்தைகளுக்கும், வெளி மாநிலங்களிலிருந்து செங்கற்சூளைகளுக்குப் பெற்றோருடன் வந்த குழந்தைகளுக்கும் எண்களின் பெயர்கள் வேறு. இவர்கள் எண்ணிக்கையை அறிந்திருந்தும் பெயர் தெரியாமல் நிற்கக்கூடும். வீட்டு மொழியில் எண்ணச் சொல்லிக் கேட்டுவிட்டு, அந்தப் பெயரோடு தமிழ்ப் பெயரைப் பொருத்திக் காட்டினால் போதும். கல்வியுரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, இயன்றவரை குழந்தையின் தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்கிறது.

தொடாத ஆசிரியர்

எழுதக் கற்பிப்பதில் சாதி வெளிப்படையாகத் தெரியும் இடம் ஒன்று உண்டு. தொடக்க நிலையில் ஆசிரியர் குழந்தையின் விரல்களைப் பிடித்து எழுத வைக்க வேண்டும். பலகையை வாங்கித் திருத்தித் தர வேண்டும். தீண்டாமை மனம் கொண்டவரால் இதைச் செய்ய முடியாது. அண்ணல் அம்பேத்கரின் பள்ளி நாள்களில் ஆசிரியர்கள் அவருடைய ஏட்டைத் தொட மறுத்ததையும், கணக்குப் போட அவர் கரும்பலகைக்கு அழைக்கப்பட்டபோது அதன் பின்னால் வைத்திருந்த உணவுப் பாத்திரங்களைச் சாதி இந்து மாணவர்கள் ஓடிச்சென்று அகற்றியதையும் அவரது வாழ்க்கை வரலாறு பதிவு செய்திருக்கிறது.

இன்று இது நுட்பமாக நடக்கிறது. ஒரு குழந்தையின் கையைப் பிடித்து எழுத வைத்துவிட்டு, அடுத்த குழந்தைக்கு வாய்மொழியாக மட்டும் சொல்லிச் செல்வது. கரும்பலகைக்கு எப்போதும் சிலரையே அழைப்பது. மற்றவர்கள் எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில் சிலரை மட்டும் தண்ணீர் எடுக்கவும் பெருக்கவும் அனுப்புவது. இவை எதுவும் பதிவேட்டில் வராது. ஆனால், ஆண்டு முடிவில் 'இக்குழந்தைகளுக்குக் கணக்கு வரவில்லை' என்ற பதிவு மட்டும் வந்துவிடும்.

தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துச் செயல்பாடுகள் வழியே கற்பிக்க வகை செய்கிறது. மனப்பாடத்தைக் கைவிட்ட இம்முறை வரவேற்கத்தக்கது. அதே வேளையில், 'அரும்பு' என்பது கற்றலின் ஒரு படிநிலை. அது ஒரு தெருவின் குழந்தைகளுக்கான நிரந்தர இருக்கை ஆகிவிடக் கூடாது. நம் பள்ளிகளில் எந்தக் குழந்தைகள் அந்நிலையிலேயே தேங்கி நிற்கின்றனர் என்பதைக் கவனிப்பது பெற்றோரின் பொறுப்பும் இயக்கங்களின் பொறுப்பும் ஆகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசமைப்பின் 21ஏ பிரிவு, 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியிருக்கிறது. ஆனால், எண்ணறிவின் அடித்தளம் இடப்படுவதோ மூன்று முதல் ஆறு வயதுக்குள். இந்த வயதினரைப் பொறுத்தவரை 45ஆம் பிரிவு, அரசு முயல வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவும் முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்கிறதே தவிர, செய்தாக வேண்டும் எனவில்லை. பணம் உள்ளவர்களின் குழந்தைகள் மழலையர் பள்ளியில் மூன்றாண்டுகள் எண்ணிவிட்டு முதல் வகுப்புக்கு வருகின்றனர். நம் குழந்தைகளுக்கு அங்கன்வாடி ஒன்றே வழி.

எனவேதான், உச்ச நீதிமன்றம் மக்கள் குடிமை உரிமைக் கழகத்தின் உணவு உரிமை வழக்கில் 13.12.2006 அன்று பிறப்பித்த ஆணை முக்கியமானது. அங்கன்வாடி மையங்களை அமைப்பதில் பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை அளிக்க வேண்டும் என அது கூறியது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு மக்கள், கோரிய மூன்று மாதங்களுக்குள் மையத்தைப் பெற உரிமையுடையவர்கள் என்றும் அது கூறியது. உங்கள் குடியிருப்பில் மையம் இல்லையெனில், அல்லது ஊர்ப் பகுதியில் மட்டும் இருந்து நம் குழந்தைகள் செல்ல இயலாமல் இருந்தால், இந்த ஆணையைச் சுட்டி மனு எழுதுங்கள்.

முதல் வகுப்புக்குப் பிறகு கல்வியுரிமைச் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. 24ஆம் பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவையான கூடுதல் பயிற்சியை அளிப்பது ஆசிரியரின் கடமை என்கிறது. ஆகவே, பின்தங்கிய குழந்தைக்குத் தனிக் கவனம் தருவது ஆசிரியரின் சலுகை ஆகாது. 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 8, 9 ஆகிய பிரிவுகள், நலிந்த பிரிவினரின் குழந்தைகள் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் காக்கும் கடமையை அரசின் மீதும் உள்ளாட்சியின் மீதும் சுமத்துகின்றன. 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடமும் வேண்டும். 32ஆம் பிரிவின்கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் அளிக்கப்படும் புகாரின் மீது மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்கப்பட வேண்டும். சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துதல் போன்ற செயல்களுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உண்டு.

புகார் எழுதுவதற்குச் சான்று தேவை. 'என் குழந்தைக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை' என்று எழுதும் பெற்றோரின் மனு எளிதில் ஒதுக்கப்படுகிறது. 'இரண்டாம் வகுப்பில் உள்ள இத்தனை குழந்தைகளுக்கு ஐந்து பொருள்களை எண்ணி எடுக்க இயலவில்லை. 24ஆம் பிரிவின்படி இவர்களுக்கு என்ன கூடுதல் பயிற்சி அளிக்கப்பட்டது?' என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுத்து மூலம் கேட்டால், பதில் சொல்லியாக வேண்டும்.

மாலை நேர வகுப்பு நடத்தும் தோழர்களுக்கு

மாலை வகுப்பில் முதல் வாரம் எதையும் எழுத வைக்காதீர்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எதுவரை ஒப்பிக்கிறது, எத்தனை பொருள்களைத் தொட்டு எண்ணுகிறது, 'குடு' என்று கேட்டால் எத்தனை வரை சரியாகத் தருகிறது, எந்த எண்ணுருக்களை அறிகிறது என நான்கு குறிப்புகளை மட்டும் எழுதுங்கள். மாதம் ஒருமுறை அதையே மீண்டும் செய்யுங்கள். அந்த ஏடு கற்பித்தலுக்கும் வழிகாட்டும். தேவைப்பட்டால் மனுவுக்கும் சான்றாகும். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். ஆனால், அது நாள்தோறும் நடக்க வேண்டும். சிறு கற்களையும் கொட்டைகளையும் மிகச் சிறிய குழந்தைகள் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாய்மார்களை வகுப்பில் உட்கார வையுங்கள். நூறு நாள் வேலை அட்டையில் எத்தனை நாள் வருகை பதிவாகியிருக்கிறது என அவர்கள் எண்ணிப் பார்க்கும் பழக்கமும் அங்கிருந்து தொடங்கலாம்.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஒரு கடன் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி கூறினால், அப்படியன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர் மீதே சுமத்துகிறது. முதலாளியின் ஏட்டில் இருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்ட இடம் அது. அந்த ஏட்டை வாங்கிப் படித்து, 'இந்த எண் தவறு' என்று சொல்லக்கூடிய ஒரு தலைமுறையை நாம் உருவாக்க வேண்டும். அதற்கான பணி, ஒரு குழந்தையின் கையில் மூன்று புளியங்கொட்டைகளை வைத்து, அதன் விரல்களைப் பிடித்து மணலில் 3 என்று எழுத வைப்பதில் தொடங்குகிறது.